ஓரத்து வரிசைப் பழம்

"இந்த நிலம் யாருது?" என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

"எங்களுது இல்லீங்க சாமி" என்றாள் செல்லி.

மேலே மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. வாசல் பக்கமிருந்து "அட அல்லாவே!" என்று ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்க்காமலே தெரியும், அது மஸ்தான் பாய். இரண்டு கையையும் தலையில் வைத்திருப்பார்.

எனக்கும் தலையில் கை வைக்கத்தான் தோன்றியது. கறுப்புக் கோட்டு போட்டவர்கள் அப்படியெல்லாம் செய்யக் கூடாது என்று என் சீனியர் சொல்லிக்கொடுத்திருந்ததால் கையை மேஜைமேல் வைத்துக்கொண்டேன்.

ஐம்பதுகளின் கடைசி என்று நினைவு. திருச்சி கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். நான் செல்லியின் வக்கீல். அவள் பச்சைமலையில் பிறந்து, பச்சைமலையிலேயே வாழ்க்கைப்பட்ட மலையாளிப் பெண். கேரளத்துக்காரி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த மலை ஜனங்களுக்கே மலையாளி என்றுதான் பெயர். பேசுவது நம்முடைய தமிழ்தான்.

மலையில் ஒரு பெரிய பகுதியைச் சுற்றிக் கல் நட்டு, அதை அரசாங்கக் காடு என்று அறிவிக்கப் போகிறார்கள். அதற்குள் யாருக்காவது நிலம் இருந்தால் இந்த அதிகாரி முன்னால் வந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நிலம் கல்லுக்கு உள்ளே போய்விடும். அப்புறம் அங்கே சுள்ளி பொறுக்கினாலும் குற்றம்.

செல்லி அவளுடைய காட்டுக்காக, அதாவது மலையில் அவர்கள் உழுது விதைக்கிற நிலத்துக்காக, மட்டும் வரவில்லை. அவள் ஊர் சின்னமாங்காடு. ஊரில் எல்லோருடைய நிலமும் அவளுடையது மாதிரியேதான். அவளுக்கு இல்லை என்று எழுதிவிட்டால் மற்றவர்களுக்கும் இல்லை. ஊரே அவளை நம்பி அனுப்பியிருந்தது. அப்படிப்பட்டவள் மலை இறங்கி, லாரி ஏறி, திருச்சி வரை வந்து "எங்களுது இல்லீங்க" என்கிறாள்!

போன வாரம் என் முதல் கேஸ் தோற்ற கதையைப் படித்துவிட்டு என் தங்கை போன் செய்தாள். "ஏன்டீ, நீ ஜெயிச்ச கேஸே கிடையாதா?" என்று கேட்டாள். இருக்கிறதடி அம்மா. ஆனால் அதையும் நான் ஜெயித்தேன் என்று எழுதினால் நாக்கு அழுகிவிடும். ஜெயித்தவர் காந்தி மார்க்கெட்டில் பலாப்பழ மண்டி வைத்திருந்தவர்.

மலைக்கார பாய்

மஸ்தான் பாய்க்கு இடுப்பில் அகலமான பச்சை பெல்ட்டு, தோளில் ஒரு துண்டு, தொண்டையில் ஒரு ஒலிபெருக்கி. அவர் மண்டியில் விலை சொன்னால் வெங்காயக் கடை வரைக்கும் கேட்கும். பழத்தைச் சுண்டிப் பார்த்து, குனிந்து ஒரு தரம் மோந்து, "இது நாளைக்கு, இது நாளன்னைக்கு" என்று பிரித்துத் தள்ளுவார். கையெல்லாம் பலாப் பால் பிசின். அதைப் போக்க எண்ணெய் தடவித் தடவி, அவர் தொட்ட தாள்களிலெல்லாம் எண்ணெய்க் கறை இருக்கும். என் கேஸ் கட்டிலும் இருந்தது.

அவர் முதல் முறை எங்கள் ஆபீசுக்கு வந்தபோது சீனியர் இல்லை. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலத்துத் திருச்சி கோர்ட்டில் பெண் வக்கீல்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம், விரலும் மிச்சமிருக்கும்.

"ஐயா இல்லீங்களா?"

"இல்லை."

"நீங்க யாரு?"

"வக்கீல்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டம் தெரியுமா என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

"மலை ஏறுவீங்களா?" என்று கேட்டார்.

இப்படித்தான் அந்தக் கேஸ் எனக்கு வந்தது. கல் நடப்போகிற விஷயத்தைத் துறையூர் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தார்களாம். மலை ஜனங்கள் அதை எங்கே போய்ப் படிக்க? பாய் லாரிக்காகக் காத்திருந்தபோது யாரோ அதை வாசிக்கக் கேட்டிருக்கிறார். அன்றைக்கே மலை ஏறிவிட்டார். ஊர் ஊராகப் போய், "காடு போகப் போகுது, தூங்கிக்கிட்டிருக்கீங்களே!" என்று கத்தியிருக்கிறார். அந்தத் தொண்டையை அதற்கு முன் அவ்வளவு நல்ல காரியத்துக்கு யாரும் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள்.

"இதில் உங்களுக்கு என்ன பாய்?" என்று கேட்டேன்.

"எனக்கா? பழம்" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "அவங்க காடு போச்சுன்னா மரம் போச்சு. மரம் போச்சுன்னா நான் மண்டியில ஈ ஓட்ட வேண்டியதுதான்."

எனக்கு அது பிடித்திருந்தது. மலை ஜனங்களைப் பற்றிப் பேச வந்தவர்கள் எல்லோரும் அப்போது சேவை, தியாகம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது. இவர் பழம் என்று ஆரம்பித்தார்.

ஆனால் அந்தக் கணக்கு முதல் வருஷத்துக்கு மட்டும்தான் சரி. அப்புறம் சீசன் நேரத்தில் மண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு மலையிலும் கன்டோன்மென்டிலுமாக அலைந்தார். மற்ற மண்டிக்காரர்கள் அவருக்கு "மலைக்கார பாய்" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவர் மனைவி ஒரு தடவை என்னிடம், "இவரை அங்கனயே வச்சுக்கச் சொல்லிடுங்கம்மா, நான் நிம்மதியா இருப்பேன்" என்றார். பழத்துக்காக மட்டும் ஒரு மனுஷன் இவ்வளவு வசவு வாங்க மாட்டான்.

அவருக்கு மலையில் ஒரே ஒரு மனக்குறை உண்டு. அதுவும் செல்லியிடம்தான்.

"அவ காட்டு ஓரத்துல வரிசையா பலா நிக்குது வக்கீலம்மா. சுளை தேன்! ஒண்ணே ஒண்ணு குடுன்னா குடுக்க மாட்டேங்கிறா. கீழ விழுந்து அழுகுனாலும் அழுகட்டும்ங்கிறா. வேற எவனுக்கோ விக்கிறா. எனக்குத் தெரியாதா?"

"சாப்பிட்டதே இல்லையே, தேன் என்று எப்படித் தெரியும்?"

"மூக்கு பொய் சொல்லுமா?"

லாரியில் ஒரு பாடம்

விசாரணைக்கு வரும் வழியெல்லாம் பாய் செல்லிக்குப் பாடம் எடுத்திருக்கிறார். துறையூரில் லாரி ஏறியதிலிருந்து கொள்ளிடம் பாலம் வரும் வரை ஒரே பாடம்.

"எங்க நிலம். எங்கே, சொல்லு பாப்போம்!"

"சரிங்க மொதலாளி."

"சரிங்க இல்லே. எங்க நிலம்னு சொல்லணும்."

"சரிங்க."

அவள் சரி என்றதை அவர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். கடைசி வரை அவள் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லவே இல்லை என்று லாரி டிரைவர்தான் பிறகு எங்களுக்குச் சொன்னான்.

அறைக்குத் திரும்புகிறேன். அதிகாரி கோபக்காரர் இல்லை. கும்பகோணத்துப் பக்கத்து வைஷ்ணவர். நெற்றியில் பளிச்சென்று திருமண். பேனாவை மூடாமல் அவளையே பார்த்தார்.

"உங்களுது இல்லேன்னா பின்னே யாருதும்மா?"

"சாமியுதுங்க. இப்ப அது பெரியசாமிகிட்ட இருக்கு." பெரியசாமி அவர்கள் மலையின் காவல் தெய்வம்.

காட்டிலாகா சார்பில் வந்திருந்தவர் உடனே எழுந்தார். "அவங்களே சொல்லிட்டாங்க சார். சும்மா கிடக்கிற காடு. உழவில்லை, விதைப்பில்லை. எங்க கல்லுக்குள்ளதான் வரணும்."

அவர் சொன்னதிலும் ஒரு பாதி உண்மை இருந்தது. செல்லியின் காட்டில் சில வருஷங்களாக ஏர் இறங்கவில்லை. புதர் ஆளுயரம் வளர்ந்துவிட்டது. பார்க்கிறவன் காடு என்றுதான் சொல்வான்.

பெருமாள் வயல்

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. ஸ்ரீரங்கத்துக்காரிக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை.

எங்கள் அப்பா கொள்ளிடத்துக்கு வடக்கே, திருவெள்ளறை போகிற வழியில், பெருமாள் வயலைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். எங்கள் வீட்டில் அதை யாரும் கோயில் நிலம் என்று சொன்னதில்லை. பெருமாள் வயல்தான். "பெருமாள் வயல்ல எலி ஜாஸ்தியாயிடுத்து", "பெருமாள் வயலுக்குத் தண்ணி விட்டாச்சோ?" என்றுதான் பேச்சு. அடுத்த தெரு மாமாவின் வயலைப் பற்றிப் பேசுகிற மாதிரியே பேசுவார்கள். சின்ன வயதில் நான் பெருமாளைச் சேவிக்கும்போது, இவர் எப்போது எழுந்து போய் வரப்பைப் பார்க்கிறார் என்று யோசித்ததுண்டு. அம்மாவிடம் கேட்டு, தலையில் ஒரு குட்டும் வாங்கியிருக்கிறேன்.

எனவே சாமிக்கு நிலம் இருப்பதில் எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. எழுந்தேன்.

"ஸ்ரீரங்கத்தில் பெருமாள் பெயரில் நிலம் இருக்கிறது. சட்டம் அதை ஒப்புக்கொள்கிறது. பச்சைமலையில் பெரியசாமி பெயரில் இருந்தால் மட்டும் அது எப்படிச் சும்மா கிடக்கிற காடாகும்?" என்று கேட்டேன்.

அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. "நன்னா கேட்டேள்" என்றார்.

நான் பெருமையோடு உட்கார்ந்தேன். அவர் தொடர்ந்து பேசினார்.

"சாமி நிலம்னா அது தேவஸ்தானச் சொத்து. காட்டிலாகாவுக்கும் இல்லே, இந்தம்மாவுக்கும் இல்லே. கோயில் சொத்துக்களைப் பார்த்துக்கற ஆபீசுக்கு எழுதிடறேன். அவா எடுத்துண்டு ஏலம் விடட்டும்."

வாசலில் மறுபடியும் "அட அல்லாவே!" கேட்டது. இந்தத் தடவை அது எனக்கானது.

நல்ல வேளையாக மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. மீதியைப் பிற்பகல் பார்க்கலாம் என்று அதிகாரி எழுந்து போனார்.

வேப்பமரத்தடியில்

வெளியே வேப்பமரத்தடியில் பாய் செல்லியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, உனக்கு என்ன கேடு வந்துச்சு? எங்க நிலம்னு சொல்றதுக்கு வாய் வலிக்குதா? ஒரு சாமியும் வந்து உன் நாக்கைப் பிடுங்காது!"

"பிடுங்காதுங்க. போயிடும்" என்றாள் செல்லி.

"எது போயிடும்?"

அவள் கொண்டுவந்திருந்த சாமைச் சோற்று மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பிரிக்காமலே பேசினாள். அவள் அழுகிறாளோ என்று பார்த்தேன். அழவில்லை. இவ்வளவு படித்தும் இது தெரியவில்லையா என்று எங்கள் மேல் அவளுக்கு எரிச்சல்கூட இல்லை. பயம்தான் இருந்தது.

"காடு களைச்சுப் போனா உழாம விதைக்காம படுக்க வைப்போங்க. அது தூங்குற வரைக்கும் பெரியசாமிதான் காவல். நாங்க அரிவாளோட உள்ள போகக் கூடாது. எங்களுதுன்னும் சொல்லக் கூடாது. சொன்னா, 'அப்ப நீயே பாத்துக்க'ன்னு சாமி போயிடும். அப்புறம் எழுப்பி உழுதாலும் வெளையாது. அதுக்காகத்தாங்க நான் அப்படிச் சொல்லலே."

"எழுப்பினப்புறம்?" என்று கேட்டேன்.

"எழுப்பினா எங்களுதுங்க. சாமி திருப்பிக் குடுத்துடும்."

"இது எனக்கு ஏன் சொல்லலே?" என்றார் பாய். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நீங்க கேக்கலீங்களே மொதலாளி. பழம்தானே கேட்டீங்க."

பாய் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். செல்லி தொடர்ந்தாள்.

"காவல் காக்குற சாமிக்குக் கூலி வேணாங்களா? படுக்க வைக்கிற அன்னிக்கு ஓரத்துல ஒரு பலாக் கன்னு நடுவோம். ஒவ்வொரு தடவை படுக்க வைக்கிறப்பவும் ஒண்ணு. காடு தூங்குற வரைக்கும் அந்த வரிசைப் பழம் பூரா சாமிக்கு. அணில் திங்கும், குரங்கு திங்கும், அழுகும். நாங்க தொட மாட்டோம்."

பாய் மெதுவாக வேப்பமரத்தில் சாய்ந்தார்.

"அந்த வரிசையா?" என்றார்.

"அதேதாங்க."

"வேற எவனுக்கும் விக்கலியா நீ?"

"சாமி பழத்தை எவன் வாங்குவான் மொதலாளி?"

பாய் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்திலிருந்த ஆபீஸ் பியூன்கள் எட்டிப் பார்த்தார்கள். தான் மலைக்கு நேரில் ஏற ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் காடு தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை சீசன் அவளை மனதுக்குள் திட்டியிருப்பார்!

சிரிப்பு நின்றதும் என்னைப் பார்த்தார். "வக்கீலம்மா, ஒரு தடவைக்கு ஒரு மரம். அப்ப அந்த வரிசை..."

"எத்தனை தலைமுறையாகப் படுக்க வைத்து எழுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லும்" என்றேன்.

அவர் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த அதிகாரியின் அறை வாசலில் போய் நின்றுவிட்டார். "ஐயா, நீங்க மலைக்கு வந்து ஒரு வரிசை மரத்தைப் பாக்கணும். பாக்காம எழுதுனீங்கன்னா அது பாவம்." உள்ளேயிருந்து டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அதிகாரி, "முதல்ல என்னைச் சாப்பிட விடுங்கோ" என்றார். ஆனால் வருவதாக ஒப்புக்கொண்டார்.

குரங்கு கயிறு பிடிச்சுதா?

துறையூர் வரை பஸ். அப்புறம் மலையடிவாரத்திலிருந்து நடை. எனக்கு மலை ஏறத் தெரியாது என்பது முதல் திருப்பத்திலேயே தெரிந்துபோயிற்று. அதிகாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பியூனிடம் புளியோதரைத் தூக்கைக் கொடுத்துவிட்டு, எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். காட்டிலாகாக்காரர் அவர்கூடவே நடந்தார். பாய் மட்டும் பின்தங்கி எனக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார். "மூச்சை வாயால வாங்காதீங்கம்மா" என்று வழியெல்லாம் புத்திமதி வேறு.

சின்னமாங்காட்டில் எல்லோரும் செல்லி காட்டுக்கு வெளியே கூடியிருந்தார்கள். ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. செல்லியின் புருஷன், மாமனார், அக்கம்பக்கத்து வீடுகள், எல்லோரும் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றார்கள். காற்றில் பழுத்து விழுந்த பலாவின் வாசனை கனமாக வந்தது. ஈக்கள் மொய்த்தன.

வரிசையை நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். முதல் மரத்தை ஒருவர் கட்டிப் பிடிக்க முடியாது. அடுத்தது கொஞ்சம் சிறியது. அதற்கடுத்தது இன்னும் சிறியது. அப்படியே இறங்கி இறங்கி, கடைசியில் முள் கட்டிய ஒரு இளமரம். அதுதான் செல்லி வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு அவள் கையால் நட்டது.

"பலா தானாகவும் முளைக்கும் சார். குரங்கு கொட்டையைத் துப்பும், முளைச்சுடும்" என்றார் காட்டிலாகாக்காரர்.

"முளைக்கும்" என்றார் பாய். "அண்ணன் தம்பி மாதிரி உயர வரிசையில முளைக்குமா? குரங்கு என்ன, கயிறு பிடிச்சா நட்டுச்சு?"

அதிகாரி சிரித்துவிட்டார். காட்டிலாகாக்காரரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். கெட்ட மனிதர் இல்லை. அவருக்குச் சொல்லியனுப்பியதைச் செய்ய வந்தவர்.

"சரி, நட்டாங்கன்னே வச்சுப்போம்" என்றார் அவர். "இப்போ சும்மாத்தானே படுத்துக் கிடக்கு?"

எனக்கு இதற்கு மட்டும் பதில் தயாராக இருந்தது. "எங்க ஊர்ப் பெருமாளும் படுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அதற்காக அவர் சொத்தை யாராவது புறம்போக்கு என்று எழுதினார்களா?"

அதிகாரி சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் பேனாவை எடுக்கவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்தார். உண்மையாகவே சங்கடப்பட்டார்.

"இவா நட்டா, இவா படுக்க வெச்சா, எல்லாம் சரி. நான் நம்பறேன். ஆனா நிலத்தை யாருக்குன்னு எழுதறது? எங்களுதுன்னு ஒருத்தர் கேட்டாத்தானே தர முடியும்? கேட்கவே மாட்டேங்கறாளே!"

எல்லோரும் செல்லியைப் பார்த்தார்கள். அவள் மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லிவிட்டால் காடு கிடைத்துவிடும். ஆனால் சொன்னால் அது அவர்களுக்கு விளையாத காடு. செல்லி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

செட்டியார் கையில் சாவி

அப்போது பாய் பேசினார். கத்தவில்லை. எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையிலேயே மெதுவாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"ஐயா, எங்க அத்தா, எங்க தகப்பனாரு, ஹஜ்ஜுக்குக் கப்பல்ல போனாங்க. போறப்ப மண்டிச் சாவியை எதிர்க்கடை செட்டியார் கையில குடுத்துட்டுப் போனாங்க. எங்கள்ள அதை அமானிதம்னு சொல்லுவோம். ஒருத்தரை நம்பி ஒப்படைக்கிறது. அத்தா திரும்பி வர்ற வரைக்கும் மண்டியைத் தொறந்து மூடுனது செட்டியார்தான். அந்த நேரத்துல நான் குறுக்க போய் 'இது எங்களுது'ன்னு நின்னா, செட்டியாருக்கு என்ன மரியாதை? நம்பிக் குடுத்ததுக்கு என்ன அர்த்தம்?"

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா அதுக்காக மண்டி செட்டியாருது ஆயிடுச்சா? கவர்மென்டுதுன்னு ஆயிடுச்சா? அத்தா வந்தாங்க, செட்டியார் சாவியைக் குடுத்தாரு. அவ்வளவுதான். இவங்களும் குடுத்துதான் வச்சிருக்காங்க ஐயா. சாமி செட்டியார் மாதிரி. சாவியைக் குடுத்தது யாருன்னு மட்டும் கேளுங்க. யாருதுன்னு கேக்காதீங்க."

அதிகாரி வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் செல்லியிடம் திரும்பினார்.

"இந்தக் காட்டைச் சாமிகிட்ட ஒப்படைச்சது யாரும்மா?"

"நாங்கதாங்க" என்றாள் செல்லி. பளிச்சென்று, ஒரு நொடிகூடத் தயங்காமல். "இந்தக் கடைசி மரம் நான் நட்டதுங்க. அதுக்கு முந்தினது எங்க மாமனாரு. அதுக்கு முந்தினது அவங்க அப்பாரு."

"எழுப்பறபோது யார்கிட்டே திரும்பி வரும்?"

"எங்ககிட்டத்தாங்க. வேற யாருகிட்ட வரும்?"

"போறும்" என்றார் அதிகாரி. பேனாவை எடுத்தார். கேள்வியை மாற்றியதும் பதில் கிடைத்துவிட்டது. இத்தனை சட்டப் புத்தகம் படித்த எனக்கு அது தோன்றவில்லையே என்று அன்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து உத்தரவு வந்தது. சின்னமாங்காட்டில் படுக்க வைத்திருந்த காடுகள் அத்தனையும் அவற்றை ஒப்படைத்த குடும்பங்களுக்கே என்று எழுதியிருந்தார். எல்லைக் கல் அந்த வரிசை மரங்களுக்கு வெளியே நடப்பட்டது.

எல்லா ஊருக்கும் இப்படி நடந்தது என்று எழுதினால் பொய். சில ஊர்களில் ஓரத்து மரத்தை ஏதோ ஒரு பஞ்சத்தில் விறகுக்கு விற்றிருந்தார்கள். அங்கே காட்ட ஒன்றுமில்லை. பாய் அந்த ஊர்களுக்கும் போனார், பல வருஷம் அலைந்தார். நானும் கூடப் போனேன். சில இடத்தில் ஜெயித்தோம். தோற்றதுதான் அதிகம். தோற்றுத் திரும்பிய நாட்களில் மண்டியில் விலை சொல்கிற சத்தம் கேட்காது. மற்ற கடைக்காரர்கள் அன்றைக்கு மட்டும் அவரைக் கிண்டல் செய்ய மாட்டார்கள்.

ரெண்டாவது மரம்

அதற்கப்புறம் ஒன்றிரண்டு கோடை போயிருக்கும். அறுபதுகள் பிறந்துவிட்டன. அம்மாவுக்கு வாழைக்காய் வாங்க ஒரு நாள் காலை காந்தி மார்க்கெட்டுக்குப் போனேன். பாய் மண்டியில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண் தலையில் ஒற்றைப் பலாப்பழத்தோடு வந்துகொண்டிருந்தாள். செல்லி.

பழத்தை இறக்கி பாய் முன்னால் வைத்தாள். அவர் பழக்கதோஷத்தில் சுண்டினார். குனிந்து மோந்தார். மோந்தவர் நிமிரவே இல்லை.

"எந்த மரம் இது?"

"ஓரத்துல ரெண்டாவதுங்க."

சுட்டுவிட்ட மாதிரி கையை எடுத்துக்கொண்டார். "சாமி பழத்தை ஏன்மா எடுத்துட்டு வந்தே? கொண்டு போ, கொண்டு போ!"

"சாமி பழம் இல்லீங்க மொதலாளி" என்றாள் செல்லி. "சித்திரையில காட்டை எழுப்பிட்டோம். சாமை போட்டிருக்கு. இது எங்க பழம்."

பாய் என்னைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டீங்களா வக்கீலம்மா? லாரியில அவ்வளவு கத்துனேன். அப்பச் சொல்லலே, இப்பச் சொல்றா" என்றார். பாய் பழத்தை இரண்டு கையாலும் தூக்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "இதை விக்க மாட்டேன். வீட்டுக்குக் கொண்டு போறேன். ரொம்ப சந்தோஷம் தாயி. நல்லா இரு."

செல்லி நகரவில்லை.

"வெலையச் சொல்லுங்க" என்றாள்.

"வெலையா? நான் என்னமோ நீ அன்பா குடுக்கிறேன்னு நினைச்சேன்!"

"சாமி பழம்னா சும்மா விழுந்து கிடக்கும். எங்க பழத்துக்கு வெல உண்டுங்க."

பக்கத்து மண்டிக்காரர்கள் சிரித்தார்கள். பாய்க்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. வேண்டுமென்றே அடிமாட்டு விலையாக ஒன்றைச் சொன்னார். செல்லி ஒரு வார்த்தை பேசாமல் பழத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த மண்டியைப் பார்க்க நடக்க ஆரம்பித்தாள்.

"ஏய், செல்லி! நில்லும்மா! அட நில்லுங்கிறேன்!" என்று கத்திக்கொண்டே பச்சை பெல்ட்டைப் பிடித்தபடி பாய் அவள் பின்னால் ஓடினார்.